மோட்டார் தண்ணீரை இழுப்பதில்லை!



ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் என்றாலே நம்மில் பாதிப் பேருக்கு அரியர் ஞாபகம்தான் வரும். பெர்னௌலி தேற்றத்தை மனப்பாடம் செய்வோம், எழுதுவோம், ஹாலை விட்டு வெளியே வந்ததும் மறந்துவிடுவோம். நானும் அப்படித்தான் இருந்தேன். என் கண்ணைத் திறந்தது எங்கள் தோட்டத்துக் கிணறு.

நான் முதலாண்டு படித்தபோது, கோடையில் கிணற்றுத் தண்ணீர் பம்புக்கு 7 மீட்டர் கீழே போய்விட்டது. 3 எச்.பி. மோட்டார் திணறியது. பார்க்க வந்த மெக்கானிக், "இழுவை பத்தலைங்க, 5 எச்.பி. போட்டாத்தான் இழுக்கும்" என்றார். அம்மாவின் வளையல் அடகுக்குப் போனது. புது பம்பு செட்டை, பழைய 50 மி.மீ. உறிஞ்சு குழாயிலேயே மாட்டினார்கள். ஓடவிட்டால் உள்ளே ஜல்லியைப் போட்டு ஆட்டுவது போல் சத்தம்! தண்ணீர் மட்டும் கூடவில்லை. கடலை பாதி காய்ந்தது. "இன்ஜினியருக்குப் படிக்கிறியே, இது ஏன்னு சொல்லுப்பா" என்று அப்பா கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. மறு வருஷம் வகுப்பில்தான் தெரிந்தது. அதையே இங்கு எழுதுகிறேன்.

தள்ளுவது யார்?

ஸ்ட்ரா போட்டு இளநீர் குடிக்கிறோம். நாம் இளநீரை 'இழுப்பதாக' நினைக்கிறோம். உண்மையில் வாய்க்குள் காற்றழுத்தத்தைக் குறைக்கிறோம், அவ்வளவுதான். வெளிக்காற்று இளநீரை மேலே தள்ளுகிறது. பம்பும் இதையேதான் செய்கிறது. இம்பெல்லர் சுழன்று தன் வாயிலில் அழுத்தத்தைக் குறைக்கும். கிணற்று நீரின் மேல் உட்கார்ந்திருக்கும் வளிமண்டலம் தண்ணீரைக் குழாய்க்குள் ஏற்றிவிடும்.

அந்த வளிமண்டலத்துக்கு எவ்வளவு பலம்? உறிஞ்சு பம்பு சுமார் 18 முழத்துக்கு மேல் தண்ணீரை ஏற்றாது என்று கலிலியோ 1638-இல் வெளியான தம் நூலிலேயே எழுதினார். காரணத்தை அவருக்குப் பின் டாரிசெல்லி பாதரசத்தை வைத்துக் காட்டினார். காற்றழுத்தம் 76 செ.மீ. பாதரசத்தைத் தாங்கும். பாதரசம் தண்ணீரைப் போல் 13.6 மடங்கு கனம். இரண்டையும் பெருக்கினால் 10.3 மீட்டர் தண்ணீர். இது கடல் மட்டத்தில் கிடைக்கும் கணக்கு. மேலே போகப் போகக் குறையும். ஊட்டி உயரத்தில் சுமார் 8 மீட்டர்தான். எங்கள் ஊருக்கு 10 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மோட்டார் 3 எச்.பி. ஆனாலும் 30 எச்.பி. ஆனாலும் கையிருப்பு இந்த 10 மீட்டர்தான். ஒரு பைசா கூடக் கூடாது!

கையிருப்பு எப்படிச் செலவாகிறது?

பெர்னௌலி சமன்பாடு வரவு செலவுக் கணக்கு மாதிரி. கிணற்று நீர் மட்டத்தில் இருக்கும் 10 மீட்டர், பம்பு வாயிலுக்கு வருவதற்குள் மூன்று வழியில் செலவாகும். ஒன்று, உயரம் ஏற. இரண்டு, வேகம் எடுக்க. மூன்று, குழாய், ஃபுட் வால்வு, பெண்டு ஆகியவற்றின் உராய்வுக்கு. மிச்சம்தான் வாயிலில் இருக்கும் அழுத்தம்.

வினாடிக்கு 5 லிட்டர் வேண்டும், குழாய் நீளம் 9 மீட்டர், உராய்வுக் குணகம் 0.0075 என்று கொள்வோம். 50 மி.மீ. குழாயின் பரப்பால் ஓட்டத்தை வகுத்தால் (தொடர்ச்சிச் சமன்பாடு!) வேகம் வினாடிக்கு 2.55 மீட்டர். வேகத் தலை 0.33 மீட்டர். டார்சி சூத்திரப்படி குழாய் உராய்வு 1.79 மீட்டர். ஃபுட் வால்வும் பெண்டும் சேர்ந்து சுமார் 1 மீட்டர். கூட்டினால் 3.1 மீட்டர். உயரம் 7 மீட்டர். ஆக மொத்தச் செலவு 10.1!

வரவு 10, செலவு 10.1. கணக்கு இடிக்கிறது அல்லவா? அப்படியென்றால் அந்தக் குழாயில் 5 லிட்டர் வரவே வராது. பெரிய மோட்டார் போட்டு 6 லிட்டர் கேட்டால், இழப்பு ஓட்டத்தின் வர்க்கத்தில் ஏறும், 3.1 மீட்டர் 4.5 ஆகிவிடும். நிலைமை இன்னும் மோசம். எங்கள் வளையல் போன வழி இதுதான் நண்பர்களே.

ஜல்லிச் சத்தம் எங்கிருந்து?

தண்ணீர் 100 டிகிரியில்தான் கொதிக்கும் என்பது சாதாரண காற்றழுத்தத்தில் மட்டுமே உண்மை. 30 டிகிரித் தண்ணீர்கூட, அழுத்தம் 0.43 மீட்டருக்கு இறங்கினால் கொதித்துக் குமிழிவிடும். பம்பு வாயிலில் பிறக்கும் இந்த நீராவிக் குமிழிகள், இம்பெல்லரில் அழுத்தம் ஏறும் இடத்துக்குப் போனதும் படபடவென்று நசுங்கி உடையும். அந்த அடிதான் ஜல்லிச் சத்தம். இதற்குப் பெயர் கேவிட்டேஷன். பம்பைப் பிரித்துப் பார்த்தோம். இம்பெல்லரில் அம்மைத் தழும்பு போல் குழிகள்.

என்ன செய்தோம்?

குழாயை 65 மி.மீ. ஆக மாற்றினோம். விட்டம் வெறும் 15 மி.மீ. கூடியது. ஆனால் ஒரே ஓட்டத்துக்கு உராய்வு, விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்கு எதிர்விகிதம். 1.79 மீட்டராக இருந்த உராய்வு 0.48 ஆனது. வேகத் தலை, வால்வு, பெண்டு எல்லாம் சேர்த்து மொத்த இழப்பு 0.95 மீட்டர்தான். கிணற்றுச் சுவரில் 2 மீட்டர் கீழே கல்மேடை அமைத்துப் பம்பை இறக்கினோம். உயரம் 5 மீட்டர் ஆனது. இப்போது மிச்சம் 4 மீட்டருக்கு மேல். மாட்டியது எது தெரியுமா? மூலையில் கிடந்த பழைய 3 எச்.பி.! சத்தமில்லாமல் தண்ணீர் கொட்டியது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. வாய்க்காலைத் திருப்பிவிடப் போய்விட்டார். அடகுக் கடன் மட்டும் அடைய இன்னும் ஒரு வருஷம் ஆனது.

மனதில் வைக்க:

1. உறிஞ்சும் உயரத்தை முடிந்தவரை 6 மீட்டருக்குள் வையுங்கள். தண்ணீர் அதற்கும் கீழே போனால் பம்பை இறக்குங்கள். இல்லையென்றால் கீழேயிருந்து தள்ளும் சப்மெர்சிபிள் போடுங்கள்.

2. உறிஞ்சு குழாயில் சிக்கனம் பார்க்காதீர்கள். தேவையில்லாத பெண்டு வேண்டாம். ஃபுட் வால்வில் இலை, பாசி அடைக்க விடாதீர்கள்.

3. லேபில் வேக்குவம் கேஜ் ரீடிங்கைப் பக்கத்து பேட்ச் நோட்டிலிருந்து காப்பி அடிக்காதீர்கள். 500 மி.மீ. பாதரசம் என்றால் 6.8 மீட்டர் தண்ணீர் செலவாகிவிட்டது என்று அந்த முள் சொல்கிறது.

நம்மில் பலர் கிணற்றடியிலிருந்து வந்தவர்கள். அடுத்த லீவில் ஊருக்குப் போகும்போது ஒரு டேப் எடுத்துப் போய், பம்பிலிருந்து தண்ணீர் மட்டம் வரை அளந்து பாருங்கள். யாராவது "பெரிய மோட்டார் போடுங்க" என்று சொன்னால், முதலில் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். ஒரு வீட்டு வளையல் மிஞ்சினாலும் நாம் படித்த படிப்புக்கு அது போதும்.