தகவலாளர் பட்டியலும் தரவுப் பாதுகாப்பும்: காந்திகிராமச் சூழலை முன்வைத்து ஒரு நோக்கு

முன்னுரை

பல்கலைக்கழக வளாகங்களில் நிகழும் இணையப் பாதுகாப்பு விழிப்புணர்வு நிகழ்வுகள் பெரும்பாலும் கடவுச்சொல், வங்கிக் கணக்கு, போலி அழைப்பு ஆகியவற்றோடு நின்றுவிடுகின்றன. அவை தேவையானவையே. ஆயினும் வளாகம் காக்க வேண்டிய தரவு மாணவருடையது மட்டுமன்று. ஆய்வாளரை நம்பித் தம் பெயரையும் குரலையும் தந்த ஊர் மக்களுடையதும் ஆகும். இவ்விரண்டாம் வகைத் தரவில் தமிழ்த்துறைகளுக்கு உள்ள பொறுப்பை இக்கட்டுரை ஆராய்கின்றது.

களமும் தரவும்

திண்டுக்கல்லை அடுத்த சின்னாளபட்டிக்கு அருகில் உள்ள காந்திகிராமக் கிராமிய நிறுவனம் 1956இல் தோன்றி, 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது. கற்பித்தல், ஆய்வு ஆகியவற்றோடு விரிவாக்கப் பணியையும் தன் கடமையாகக் கொண்டது அது. ஊரோடு உறவாடுவதையே கல்வியின் பகுதியாக வைத்திருக்கும் இத்தகைய வளாகத்தில், தரவு என்பது அலுவலகக் கணிப்பொறியில் மட்டும் இருப்பதன்று. ஆத்தூர், நிலக்கோட்டை, வேடசந்தூர், நத்தம் எனச் சுற்றுவட்டாரத்தில் ஓர் ஆய்வாளர் தாலாட்டோ ஒப்பாரியோ பதிவுசெய்தால், அப்பாடலுடன் பாடியவரின் பெயர், அகவை, சாதி, தொழில், ஊர், ஒளிப்படம் ஆகியனவும் அவருடைய கைப்பேசிக்குள் வந்து சேர்கின்றன.

இவ்விவரங்களைப் பின்னிணைப்பில் ‘தகவலாளர் பட்டியல்’ என அளிப்பது நாட்டுப்புறவியல் ஆய்வேடுகளின் நெடுநாள் மரபு. ஆய்வின் நம்பகத்தன்மைக்கு அது சான்று. பாடியவருக்குச் செய்யும் நன்றியும் கூட. தட்டச்சுப் படி ஒன்று நூலக அலமாரியில் இருந்த காலத்தில் அம்மரபால் எவருக்கும் தீங்கு நேர வாய்ப்புக் குறைவு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு நெறிமுறைகளுக்குப் பின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் மின்வடிவில் அளிக்கப்பட்டு, ‘சோத்கங்கா’ களஞ்சியம் வழி உலகெங்கும் திறக்கப்படுகின்றன. அலமாரி மாறிவிட்டது, பட்டியல் மாறவில்லை. அகவை எழுபதைக் கடந்த ஒரு மூதாட்டியின் பெயர், ஊர், கைப்பேசி எண் ஆகிய மூன்றும் ஒரே வரியில் கிடைப்பின், “உங்கள் முதியோர் உதவித்தொகை நின்றுபோகும்” என அச்சுறுத்தும் மோசடியாளனுக்கு வேறென்ன வேண்டும்?

சட்டம் கூறுவது

தனிமனித அந்தரங்கம் அடிப்படை உரிமை என உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24இல் தீர்ப்பளித்தது. எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்ட் 11இல் குடியரசுத் தலைவரின் இசைவைப் பெற்றது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முதன்மைக் கடமைகள் அதிலிருந்து 18 மாதங்களுக்குப் பின் நடைமுறைக்கு வரும்.

தமிழாய்வாளர் இதில் இரு கூறுகளைக் கருத வேண்டும். முதலாவது, ஆய்வுக்கும் ஆவணப்படுத்தலுக்கும் சட்டத்தின் 17ஆம் பிரிவு விலக்களிக்கின்றது. இது கட்டற்ற உரிமை அன்று. அத்தரவைக் கொண்டு குறிப்பிட்ட ஒருவரைப் பற்றி முடிவெடுத்தல் கூடாது. தேவையான அளவே திரட்டல், தக்க பாதுகாப்பு முதலிய தரநெறிகளையும் பின்பற்ற வேண்டும். ஒப்பாரியின் யாப்பை ஆராய்பவருக்குப் பாடியவரின் கைப்பேசி எண் எதற்கு? இரண்டாவது, இசைவு கோரும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ எட்டாம் அட்டவணை மொழிகளுள் ஒன்றிலோ பெறும் வாய்ப்பை மக்களுக்கு வழங்க வேண்டும் என்கிறது சட்டம். அவ்வகையில் தமிழ் அறிவிப்பு சட்டவழி உரிமையாகின்றது. அதனை எளிய நடையில் ஆக்குவது சட்டத்துறையைவிடத் தமிழ்த்துறைக்கே உரிய பணி என்பது இக்கட்டுரையாளர் கருத்து.

சொல்லும் விழிப்பும்

விழிப்புணர்வுச் சுவரொட்டிகளின் மொழியும் ஆய்வுக்குரியது. ‘ஒருமுறைக் கடவுச்சொல்லைப் பகிராதீர்’ என்று சுவரொட்டி எழுதுகின்றது. மோசடியாளனோ “போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்க” என்கிறான். இரண்டும் ஒன்றே எனக் கேட்பவர் உணராதபோது சுவரொட்டி பயனற்றுப்போகின்றது. ஆகவே ‘ஓடிபி’ என்னும் வழக்குச் சொல்லையும், ஏமாற்றுவோர் ஆளும் தொடரையும் அப்படியே காட்டுவதே தக்கது. தூய்மை கருதி இதனை மறுப்போர் நம்முள் உண்டு. பணத்தை இழப்பவர் அவர்கள் அல்லர்.

‘கடவு’ என்பதற்கு வழி என்று பொருள். ‘கடவுச்சொல்’ நல்ல ஆக்கமே எனினும், ‘சொல்’ என்னும் கூறு ஒரே சொல் போதும் என்னும் எண்ணத்தைத் தரக்கூடும். அமெரிக்கத் தரநிலை நிறுவனத்தின் வழிகாட்டுதலும் சிக்கலான குறியீடுகளைவிட நீளத்திற்கே முதன்மை தருகின்றது. ‘கடவுத்தொடர்’ என வழங்கினால் பொருள் இன்னும் தெளிவாகும். தமிழாசிரியர் பலரும் விரும்பக்கூடிய திருக்குறள் அடிகள் இதற்கு உதவா. எல்லோரும் அறிந்தது எளிதில் ஊகிக்கப்படும்.

நடைமுறைக்குச் சில முறைகள்

தகவலாளர்க்குக் குறியீட்டு எண் இட்டு, பெயருக்கும் எண்ணுக்கும் உரிய திறவுகோல் பட்டியலைத் துறையில் தனியே பூட்டிவைக்கலாம். தம் பெயர் அச்சில் வரவேண்டும் என விரும்பும் கலைஞருக்கு அவ்வுரிமை மறுக்கப்படலாகாது. பெயரை மறைப்பது அவர்தம் கலையுரிமையை மறைப்பதாகவும் முடியும். அவர்தம் பெயரையும் ஊரையும் இசைவுடன் அச்சிட்டு, தொடர்பு எண்ணை மட்டும் நீக்குவது போதும். ஒலிப்பதிவுகளை ‘இணைப்பு உள்ள எவரும் காணலாம்’ என்னும் அமைப்பில் மேகச் சேமிப்பகத்தில் விட்டுவைத்தல் கூடாது. இழப்பு நேர்ந்தால் உடனே அழைக்க வேண்டிய 1930 என்னும் எண்ணை, களத்திற்குச் செல்லும் மாணவர் தகவலாளர் வீட்டிலும் எழுதிக்கொடுத்து வருதல் நலம். முன்பே களஞ்சியம் ஏறிவிட்ட ஆய்வேடுகளின் பின்னிணைப்புகளை மீளாய்வு செய்வதே கடினமான பணி. அதனை அந்தந்தத் துறையே தொடங்க வேண்டும்.