வன்தட்டு கணக்கு முடிக்கும் விதம்

(மூன்றாம் ஆண்டு, இளநிலைக் கணிப்பொறி அறிவியல்)

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலில் உள்ள முதலாம் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகளை (கி.பி. 919, 921) நம் மாணவர் அனைவரும் அறிவர். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடத்தில் இடலாகாது என்பது அவற்றில் கண்ட விதிகளுள் ஒன்று. கணிப்பொறியை அணைக்கும்போது ஆப்பரேட்டிங் சிஸ்டம் எனப்படும் இயக்க முறைமையும் இவ்வாறே கணக்கை ஒப்படைத்துவிட்டுத்தான் விடைபெறுகிறது. அது எவ்வாறு என்பதை நண்பர்களுக்கு விளக்க விழைகிறேன்.

வன்தட்டின் அமைப்பு

ஹார்டு டிஸ்க் என்று நாம் வழங்கும் வன்தட்டினுள் காந்தப் பூச்சுடைய தட்டுகள் நிமிடத்திற்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்கின்றன. படித்து எழுதும் முனை தட்டைத் தொடுவதில்லை. சுழற்சியால் எழும் காற்றுப் படலத்தின்மேல் மிதக்கிறது. இடைவெளி சில நானோமீட்டரே. நம் தலைமயிரின் பருமனோ ஏறத்தாழ 80,000 நானோமீட்டர்! முனை தட்டின்மேல் உராய்ந்தால் பூச்சு கீறப்படும். அங்கிருந்த எழுத்தும் போகும்.

எழுதியதும் எழுதாததும்

'சேமி' என்று நாம் கட்டளையிட்டவுடன் எழுத்துகள் எப்போதும் நேரே தட்டுக்குப் போய்விடுவதில்லை. தட்டு மெதுவானது, நினைவகம் விரைவானது. ஆகவே இயக்க முறைமை அவற்றைச் சிறிது நேரம் நினைவகத்தில் வைத்திருந்து, பிறகே எழுதுகிறது. லினக்ஸ் முறைமையில் இக்காலம் வழக்கமாக 30 வினாடி அளவு. வன்தட்டுக்குள்ளும் ஒரு சிறு நினைவகம் உண்டு. மின்சாரம் திடீரென நின்றால் இவ்விரண்டிலும் காத்துக் கிடப்பவை அழியும்.

அணைக்கும் வரிசை

முறைப்படி அணைக்கும்போது நடப்பவை ஐந்து. முதலில், இயங்கும் நிரல்கள் வேலையை முடித்துக்கொள்ளுமாறு அறிவிக்கப்படுகின்றன. இரண்டாவதாக, நினைவகத்தில் காத்திருப்பவை தட்டுக்கு அனுப்பப்படுகின்றன. மூன்றாவதாக, கோப்புகளின் பதிவேட்டில் 'ஒழுங்காக மூடப்பட்டது' என்ற குறி இடப்படுகிறது. நான்காவதாக, வன்தட்டு தன் சொந்த நினைவகத்தில் இருப்பதையும் எழுதி முடிக்கப் பணிக்கப்படுகிறது. ஐந்தாவதாக, முனை பாதுகாப்பான இடத்தில் ஒதுங்க, சுழற்சி நிறுத்தப்படுகிறது. அதன் பின்னரே மின்சாரம் துண்டிக்கப்படும்.

முற்காலக் கணிப்பொறிகள் பலவற்றில் முனையை ஒதுக்குவதற்கென்றே தனி நிரலை நாமே இயக்க வேண்டியிருந்தது. விண்டோஸ் 95 காலத்திலும், 'இனி அணைக்கலாம்' என்று திரையில் அறிவிப்பு வந்தபின் கையால் சுவிட்சை அணைத்தவர் பலர்.

மின்வெட்டு நேர்ந்தால்?

2008க்குப் பிந்தைய சில ஆண்டுகளில் தமிழகத்துச் சிற்றூர்கள் பட்ட மின்வெட்டுத் துன்பத்தை நாம் மறந்திருக்க மாட்டோம். அத்தகைய நேரத்தில் இன்றைய வன்தட்டு ஒரு விந்தை புரிகிறது. சுழன்றுகொண்டிருக்கும் தட்டின் மோட்டாரே மின்னாக்கியாக மாறி, முனையை ஒதுக்கத் தேவையான மின்சாரத்தைத் தருகிறது! மேலும், 1993இல் வந்த என்.டி.எஃப்.எஸ்., 2001இல் லினக்ஸில் சேர்ந்த இ.எக்ஸ்.டி.3 போன்ற கோப்பு முறைமைகள், பதிவேட்டில் செய்யப்போகும் மாற்றத்தை முன்கூட்டியே குறித்துவைப்பதால் பதிவேடு குலையாமல் மீள்கிறது.

ஆனால் ஒன்றை மறக்கலாகாது. இவை காப்பது தட்டையும் பதிவேட்டையுமே. தட்டை எட்டாத நம் எழுத்தை எவையும் மீட்டுத் தரா. அசையும் உறுப்பில்லாத எஸ்.எஸ்.டி. வகைக்கும் இது பொருந்தும்.

நம் கடமை

நம்மில் பலர் வீட்டில் கணிப்பொறி இல்லாதவர்கள். ஆய்வகத்தில் கிடைக்கும் ஒரு மணி நேரமே நமக்குள்ள மூலதனம். மணி அடித்ததும் பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில் சுவர் சுவிட்சை அணைத்துவிட்டு ஓடுவோர், அம்மூலதனத்தையே பணயம் வைக்கின்றனர். யு.பி.எஸ். தரும் சில நிமிடங்கள் வேலையைத் தொடர்வதற்கல்ல, முறையாக முடிப்பதற்கே. பென் டிரைவையும் 'வெளியேற்று' என்று கட்டளையிட்ட பின்பே பிடுங்குவோம். திரை இருளும்வரை காத்திருப்போம். அந்த அரை நிமிடம், ஆண்டு முழுதும் உழைத்து ஆக்கிய திட்ட அறிக்கையைக் காக்கும்.