ஒருத்தியைத் தடுக்க ஐவர்

கூடைப்பந்தாட்டத்தில் கைதட்டல் எல்லாம் பெரும்பாலும் பந்தைக் கூடையில் போடுபவளுக்கே கிடைக்கிறது. போடவிடாமல் தடுத்தவளை யாரும் கவனிப்பதில்லை. ஸ்கோர் புத்தகத்திலும் அவளுடைய உழைப்பைக் குறிக்கக் கட்டம் கிடையாது. ஆனால் எதிரணியில் வல்லவள் ஒருத்தி இருந்துவிட்டால், வெற்றியும் தோல்வியும் இந்தத் தடுப்பாட்டக்காரிகளின் கையில்தான் இருக்கின்றன. அத்தகைய ஒருத்தியை எவ்வாறு தடுப்பது என்று இக்கட்டுரையில் காண்போம்.

முதலில் ஓர் உண்மையை நாம் ஏற்றுக்கொள்ள வேண்டும். மிகச் சிறந்த ஆட்டக்காரியை ஒரு புள்ளிகூட எடுக்கவிடாமல் நிறுத்துவது அரிது. அவள் எளிதாக இருபது முறை எறியக்கூடிய இடத்தில், கடினமாகப் பதினைந்து முறை எறியும்படி செய்வதே நமது வேலை. அவள் இரண்டு கூடை போட்டவுடன் மனம் தளர்ந்துவிடும் அணி அங்கேயே பாதி தோற்றுவிடுகிறது.

ஆட்டம் தொடங்குமுன்னரே தடுப்பாட்டம் தொடங்கிவிட வேண்டும். எதிரணி பயிற்சி எறிதல் செய்யும்போது வேடிக்கை பார்க்காமல் கூர்ந்து நோக்குவோம். அவள் எந்தக் கையால் பந்தைத் தட்டுகிறாள்? எந்த இடத்திலிருந்து எறிய விரும்புகிறாள்? நின்று எறிகிறாளா, தட்டிக்கொண்டு உள்ளே புகுகிறாளா? இம்மூன்றும் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

பந்து வருமுன்

பந்து கையில் இல்லாதவள் புள்ளி எடுக்க முடியாது. ஆகவே பந்து அவளிடம் வரும் வழியில் நம் ஒரு கை நீண்டிருக்க வேண்டும். பந்தும் அவளும் ஒருசேர நம் பார்வையில் இருக்க வேண்டும். பந்து அவளுக்குக் கிடைத்தே தீருமென்றால், அவள் விரும்பும் இடத்துக்கு இரண்டடி வெளியே கிடைக்கட்டும். மூன்று புள்ளிக் கோடு வளையத்திலிருந்து 6.75 மீட்டர் தொலைவில் இருக்கிறது. அதையும் தாண்டி வெளியே பந்தைப் பெறுகிறவள் மீண்டும் உள்ளே வரவேண்டியிருக்கும். ஓர் அணி 24 வினாடிக்குள் பந்தை எறிந்தாக வேண்டும் அல்லவா? அவள் வீணாக்கும் ஒவ்வொரு வினாடியும் நமக்கு லாபம்.

பந்து வந்தபின்

முழங்காலை மடக்கி, ஒரு கை தூரத்தில் நிற்க வேண்டும். கால்களைப் பின்னிக்கொள்ளாமல் பக்கவாட்டில் நகர வேண்டும். அவளுடைய கண்ணையோ பந்தையோ பார்த்தால் ஏமாந்துவிடுவோம். இடுப்பைப் பார்க்க வேண்டும். கண்ணும் கையும் பொய் சொல்லும். இடுப்பு பொய் சொல்லாது. வலக்கை ஆட்டக்காரியானால் இடப்பக்கம் போகும்படி வழிவிடலாம். பக்கக் கோட்டை நோக்கித் தள்ளிக்கொண்டு போவது இன்னும் நல்லது. அந்தக் கோட்டைத் தாண்டி அவள் போக முடியாதாகையால் அதுவும் நமக்குத் துணை நிற்கும். அவள் எறியும்போது கையை நேராக உயர்த்தினால் போதும். அவளுக்கு முன்னால் நாம் குதிப்பதும், மணிக்கட்டில் தட்டுவதும் ஃபவுலில் முடியும். நாம் தரும் ஃப்ரீ த்ரோ அவளுக்கு வழங்கும் இலவசப் புள்ளியாகும். ஐந்து ஃபவுல் ஆனால் நாமே வெளியேற நேரிடும்.

மற்ற நால்வர்

இவை அனைத்தையும் ஒருத்தி சரியாகச் செய்தாலும் வல்லவள் சில முறை தாண்டிவிடுவாள். அப்போது உள்ளே நிற்கும் தோழி ஓரடி முன்வந்து வழியை அடைக்க வேண்டும். அவள் விட்டுவந்த இடத்தை இன்னொருத்தி நிரப்ப வேண்டும். எதிரணி ஸ்கிரீன் போடும்போது பின்னால் இருப்பவள் உரக்கக் குரல் கொடுக்க வேண்டும். வாய் பேசாத அணி தடுப்பாட்டம் ஆட முடியாது.

நால்வர் சதுரமாக நின்று வளையத்தைக் காக்க, ஐந்தாமவர் மட்டும் வல்லவரை நிழல்போல் தொடரும் முறை ஒன்று உண்டு. இதனைப் பாக்ஸ் அண்ட் ஒன் என்பர். 2019ஆம் ஆண்டு என்.பி.ஏ. இறுதித் தொடரின் இரண்டாம் ஆட்டத்தில் டொராண்டோ ராப்டர்ஸ் அணி இதனைக் கையாண்டது. கோல்டன் ஸ்டேட் அணியின் ஸ்டீபன் கறியை ஃப்ரெட் வான்வ்லீட் தொடர்ந்தார். மற்றொரு சிறந்த எறிவீரரான கிளே தாம்சன் காயத்தால் வெளியேறியிருந்த வேளை அது. ஐந்து நிமிடத்துக்கு மேலாக கோல்டன் ஸ்டேட் அணியால் ஒரு புள்ளியும் எடுக்க முடியவில்லை. ஆயினும் கடைசி வினாடிகளில் கறியை இருவர் சூழ்ந்தபோது, பந்து தனித்து நின்ற இகுவடாலாவுக்குச் சென்றது. அவர் மூன்று புள்ளி எடுக்க, அந்த ஆட்டத்தை கோல்டன் ஸ்டேட் 109–104 என்று வென்றது. தொடரை வென்றது டொராண்டோதான். ஒருவரைச் சுற்றி இருவர் போனால் வேறொருவர் தனியே நிற்பார் என்பதை நாம் மறக்கக் கூடாது.

இரண்டு ஆண்டு, ஒரு பாடம்

பெண்கள் ஆட்டத்திலேயே சிறந்த சான்று உண்டு. அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்தில் 3,951 புள்ளிகள் குவித்தவர் அயோவா பல்கலைக்கழகத்தின் கெய்ட்லின் கிளார்க். 2023ஆம் ஆண்டு அரையிறுதியில் அதுவரை தோல்வியே காணாத தென் கரோலினா அணிக்கு எதிராக அவர் 41 புள்ளிகள் எடுத்தார். அயோவா 77–73 என்று வென்றது. அந்த ஆட்டத்தில் தென் கரோலினாவின் ரேவன் ஜான்சனை, இவர் எறியமாட்டார் என்று எண்ணி, அயோவா அணியினர் காவலின்றி விட்டிருந்தனர்.

அடுத்த ஆண்டு இறுதியாட்டத்தில் இரு அணிகளும் மீண்டும் சந்தித்தன. முதல் கால்பகுதியிலேயே கிளார்க் 18 புள்ளிகள் எடுத்துவிட்டார். தென் கரோலினா கலங்கவில்லை. கிளார்க்கைத் தொடரும் பணியில் பெரும்பங்கு ஏற்றவர் அதே ரேவன் ஜான்சன். அவருக்குப் பின்னால் வளையத்தருகே உயரமான கமிலா கார்டோசோ நின்றார். மாற்று ஆட்டக்காரிகள் மட்டுமே 37 புள்ளிகள் சேர்த்தனர். எஞ்சிய மூன்று கால்பகுதிகளிலும் சேர்த்துக் கிளார்க்கிற்குக் கிடைத்தவை 12 புள்ளிகளே. தென் கரோலினா 87–75 என்று வென்று, அந்தப் பருவத்தின் 38 ஆட்டங்களையும் வென்ற அணியாயிற்று. கிளார்க்கின் மொத்தப் புள்ளி 30! அப்படியும் அவரது அணி தோற்றது.

நேர்மை வேண்டும்

தடுப்பது வேறு, அடிப்பது வேறு. மைக்கேல் ஜோர்டானைத் தடுக்க டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் அணி வகுத்த திட்டம் ‘ஜோர்டான் விதிகள்’ எனப் பெயர் பெற்றது. இருவர் மூவராகச் சூழ்வதோடு, உள்ளே வந்தால் முரட்டுத்தனமாக மோதுவதும் அதில் அடங்கும். 1988, 1989, 1990 ஆகிய மூன்று ஆண்டுகளும் சிகாகோ புல்ஸ் அணி அவர்களிடம் தோற்றது. ஜோர்டான் உடலை உரமாக்கிக்கொண்டார். தோழர்களை நம்பிப் பந்தைக் கொடுக்கலானார். 1991இல் சிகாகோ 4–0 என்று வென்றது. முரட்டுத்தனம் தோற்றுவிடும் நாள் ஒன்று வந்தே தீரும். எதிரணியில் சிறந்து ஆடுபவள் நம் பகைவி அல்லள். நம்மை வளர்க்க வந்த தோழி. அவள் விழுந்தால் கைகொடுத்துத் தூக்கிவிட்டு மறுபடியும் தடுப்போம்.

இறுதியாக ஒன்று. அவள் எறிந்த பந்து தவறினாலும் வேலை முடிவதில்லை. உடனே திரும்பி, அவளை முதுகுக்குப் பின்னால் நிறுத்தி, ரீபவுண்டைக் கைப்பற்ற வேண்டும். பந்து நம் கைக்கு வந்த பிறகே தடுப்பாட்டம் நிறைவுறுகிறது.

பிறர் காணாது செய்யும் நற்பணியின் மதிப்பை நம் அருட்சகோதரிகள் எடுத்துரைப்பதைக் கேட்டிருக்கிறோம். ஆடுகளத்தில் அப்பணிக்குத் தடுப்பாட்டம் என்று பெயர். அடுத்த முறை ஆட்டம் பார்க்க வரும் தோழியரும் பெற்றோரும், பந்து வளையத்தில் பட்டு வெளியே துள்ளும்போது, எறிந்தவளுக்கு எதிரே கை உயர்த்தி நின்றவளையும் சற்றுப் பாருங்கள். உங்கள் கைதட்டலில் அவளுக்கும் பங்கு உண்டு.