கொள்ளைநோய்க் காலத்தில் திடமானவர் எவ்வளவு அஞ்ச வேண்டும்?

புதிய நோய் ஒன்று பரவுகிறது என்னும் செய்தி கிராமத்துக்கு எட்டியவுடன் இருவகை மனப்பான்மை தலைதூக்குவதைக் காண்கிறோம். "உழைத்து உரமேறிய உடம்பு இது, எனக்கு ஒன்றும் வராது" என்று மார்தட்டுவோர் ஒரு சாரார். அண்டை வீட்டார் இருமினாலும் அவரை ஊரைவிட்டே விலக்கத் துணிவோர் மற்றொரு சாரார். இவ்விரண்டும் ஊருக்குத் தீங்கு பயப்பனவே. உடல்நலம் உள்ளவர் எந்த அளவுக்குக் கவலைப்பட வேண்டும், அக்கவலையை எவ்வாறு பயன்படுத்த வேண்டும் என்பதைக் கொரோனா நோய் தந்த அனுபவத்தைக் கொண்டு ஆராய்வது பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கும் விவசாய அன்பர்களுக்கும் பயன்படும்.

நம் வட்டாரத்தின் நிலை

சுங்குவார்சத்திரம் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அமைந்த ஊர். வாலாஜாபாத்துக்குச் செல்லும் சாலையும் இங்கேதான் பிரிகிறது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால் ஆகிய இடங்களின் தொழிற்சாலைகளுக்குச் செல்லும் இளைஞரும் பெண்களும் முறை மாறும் வேளைகளில் பேருந்து பேருந்தாக இவ்வழியே போய் வருகின்றனர். பலர் வெளிமாவட்டத்தினர்; வெளிமாநிலத்தினரும் உண்டு. ஓர் அறையில் பலராகத் தங்குகின்றனர். அதே ஊரில், வயலை நம்பி வாழும் முதியோரும் இருக்கின்றனர். இளமையும் முதுமையும் இவ்வளவு நெருங்கி வாழும் இடத்தில் ஒருவருடைய நோய் அவரோடு நிற்பதில்லை.

தமிழகத்தில் முதன்முதலாகக் கொரோனா நோய் உறுதி செய்யப்பட்டது நமது மாவட்டத்தவர் ஒருவருக்கே. ஓமன் நாட்டிலிருந்து திரும்பிய காஞ்சிபுரத்துக்காரர் அவர். நாள் 2020 மார்ச் 7. அவர் குணமடைந்தார். ஆனால் அந்நோய் தணிவதற்குள் அரசின் கணக்குப்படி 38 ஆயிரத்துக்கு மேற்பட்ட தமிழக மக்கள் உயிரிழந்தனர்.

யாருக்கு எவ்வளவு ஆபத்து?

தடுப்பூசி வருமுன் பல நாடுகளில் எடுத்த கணக்கு ஒன்றை நாம் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். இந்நோய் தொற்றியவர்களில் 25 வயதினர் ஏறத்தாழ 10,000 பேருக்கு ஒருவர் இறந்தனர். 55 வயதில் 1,000 பேருக்கு நால்வர். 75 வயதிலோ 100 பேருக்கு நால்வர் அல்லது ஐவர். வயது ஏற ஏற ஆபத்து சிறுகச் சிறுகக் கூடவில்லை, பன்மடங்காகப் பெருகியது. ஆகவே திடமான இளைஞர் தம் உயிருக்காக நடுங்கத் தேவையில்லை என்பது உண்மையே.

எனினும் இக்கணக்கை மூன்று எச்சரிக்கைகளோடு படிக்க வேண்டும்.

முதலாவது, 'நான் திடமானவன்' என்னும் எண்ணமே தவறாக இருக்கலாம். சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் இருப்பதை அறியாமலே உழைத்துவருவோர் நம் ஊர்களில் பலர். கொரோனா கடுமையானது இத்தகையோரிடம்தான். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் ஊழியர் வீடு தேடி வந்து பரிசோதிக்கும்பொழுது, "எனக்கு வேண்டாம்" என்று திருப்பி அனுப்புவது அறிவுடைமை ஆகாது.

இரண்டாவது, சிறிய ஆபத்தும் பெருங்கூட்டத்தில் பெரிதாகும். 10,000 பேருக்கு ஒருவர் என்பது தனிமனிதருக்கு அற்பம். பத்து இலட்சம் பேருக்குத் தொற்றினால் அதுவே நூறு குடும்பங்களின் துயரம். 2021 ஏப்ரல், மே மாதங்களில் இரண்டாம் அலை எழுந்தபோது, ஒரே சமயத்தில் எண்ணற்றோர் நோயுற்றதால் மருத்துவமனைகளில் படுக்கையும் பிராணவாயுவும் போதவில்லை. நடுத்தர வயதினர் பலரையும் அன்று இழந்தோம்.

மூன்றாவது, எல்லாக் கிருமிகளும் ஒரே வழியில் செல்வதில்லை. 1918-ஆம் ஆண்டு பம்பாய்த் துறைமுகத்தின் வழியே நுழைந்த விஷக்காய்ச்சல் 20 முதல் 40 வயதுவரை உள்ள திடகாத்திரமான வாலிபரைப் பெருமளவில் வாரிக்கொண்டு போயிற்று. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் மாண்டனர் என மதிப்பிட்டுள்ளனர். 2009-இல் உலகெங்கும் பரவிய பன்றிக்காய்ச்சலில் முதியோருக்குத் தொற்றியது குறைவு. கருவுற்ற பெண்களுக்கு ஆபத்து மிகுதி. ஆதலால் ஒரு புதுநோய் தோன்றிய முதல் வாரங்களில், அது யாரைத் தாக்கும் என்று தெரியும்வரை, திடமானவரும் கூடுதலாகவே எச்சரிக்கை கொள்ள வேண்டும். விவரம் தெரியத் தெரிய அந்த எச்சரிக்கையைத் தளர்த்தலாம்.

கோயம்பேடு கற்பித்த பாடம்

திடமானவர் உண்மையில் அஞ்ச வேண்டியது வேறொன்று உண்டு. 2020 ஏப்ரல் இறுதியில் சென்னைக் கோயம்பேடு சந்தையில் தொற்று பரவியது. மே 5 அன்று சந்தை மூடப்பட்டு, காய்கறி வியாபாரம் தற்காலிகமாகத் திருமழிசைக்கு மாற்றப்பட்டது. அதற்குள் மூட்டை தூக்குவோரும் வியாபாரிகளும் கடலூர், அரியலூர், விழுப்புரம் முதலிய மாவட்டங்களிலுள்ள தத்தம் ஊர்களுக்குத் திரும்பியிருந்தனர். பரிசோதித்தபொழுது நூற்றுக்கணக்கானவருக்குத் தொற்று இருந்தது. அவர்களுள் பெரும்பாலோருக்குக் காய்ச்சலோ இருமலோ இல்லை. நடந்தும் உண்டும் உறங்கியும் நலமாகவே இருந்தனர்.

கொரோனாக் கிருமி, நோய்க்குறி தோன்றுவதற்கு ஓரிரு நாள் முன்பே மூச்சுக்காற்றின் வழியே பிறருக்குச் செல்லக்கூடியது. ஆகவே திடமானவர் கேட்க வேண்டிய கேள்வி "எனக்கு என்ன ஆகும்?" என்பதன்று. "என்னால் என் தாய்க்கும் பாட்டனுக்கும் என்ன ஆகும்?" என்பதே. திறந்த வயலில் தள்ளி நின்று நாற்று நடுகையில் தொற்றும் வாய்ப்பு மிகக் குறைவு. காற்றோட்டமற்ற அறை, நெரிசலான பேருந்து, திருமண மண்டபம் ஆகியவற்றில் அது மிகுதி. எச்சரிக்கையை எங்கே செலவிட வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

மிதமிஞ்சிய அச்சத்தின் விளைவு

2020 ஏப்ரலில் சென்னையில் கொரோனாவுக்குப் பலியான மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கம் செய்யவிடாமல் ஒரு கூட்டம் கல்லெறிந்து விரட்டியது. முறைப்படி அடக்கம் செய்யும் உடலினால் நோய் பரவாது. அறியாமையால் விளைந்த அச்சமே அந்தக் கொடுமையைச் செய்வித்தது. ஊர் ஒதுக்கிவிடும் என்று அஞ்சுபவர் காய்ச்சலை மறைப்பார். மறைத்தவர் காலங்கடந்து மருத்துவமனைக்கு வருவார். அதற்குள் பத்துப் பேருக்குப் பரப்பியிருப்பார்.

பஞ்சாயத்து செய்யத்தக்கவை

1. அறுபது வயது கடந்தோர், சர்க்கரை, இதயம், சிறுநீரக நோய் உடையோர், கருவுற்றோர் ஆகியோரின் பட்டியலை, நோய் வருமுன்பே வீடுதோறும் தயாரித்து வைத்தல்.

2. இரத்தத்தில் பிராணவாயுவின் அளவைக் காட்டும் விரல் கருவிகள் சிலவற்றை வாங்கி வைத்தல். கொரோனாவில் மூச்சுத்திணறல் தெரியுமுன்பே அளவு குறைவதுண்டு. 94-க்குக் கீழ் இறங்கினால் 108 ஊர்தியை உடனே அழைக்க வேண்டும்.

3. நோயுற்றுத் தனித்திருக்கும் குடும்பத்துக்கு அரிசி, பால், மருந்து ஆகியவற்றை வாசலில் கொண்டு சேர்த்தல். கூலி இழந்தவரை வெறும் அறிவுரையால் வீட்டில் இருத்த முடியாது. வெளிமாநிலத் தொழிலாளரின் அறைகளையும் இதில் சேர்த்துக்கொள்ளல் வேண்டும்.

4. ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் கூறும் செய்தியை மட்டுமே ஊரில் அறிவித்தல்.

5. தடுப்பூசி வந்ததும் பட்டியலிலுள்ளோரை முதலில் அழைத்துச் செல்லுதல். 2021 மார்ச் 1 முதல் முதியோருக்கும், மே 1 முதல் 18 வயது நிரம்பிய யாவருக்கும் ஊசி திறந்துவிடப்பட்டதையும், பலர் தயங்கி நின்றதையும் நினைவில் கொள்க.

உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5 அன்று கொரோனா அவசரநிலையை முடித்துக்கொண்டது. கிருமி மறைந்துவிடவில்லை, ஊசியாலும் முன் வந்த தொற்றாலும் நம் உடல்கள் அதனை எதிர்க்கப் பழகியுள்ளன. இன்று திடமானவர் அதைப் பற்றித் தனிக் கவலை கொள்ள வேண்டியதில்லை. ஆயினும், காய்ச்சல் கண்ட நாளில் வேலைக்குச் செல்லாதிருத்தல், முதியோரை நெருங்காதிருத்தல் என்னும் பழக்கங்கள் எந்தக் காய்ச்சலுக்கும் ஏற்றவை. வருகின்ற கிராம சபையில் மேற்கூறிய பட்டியலைப் பற்றி ஒரு தீர்மானம் நிறைவேற்றினால், அடுத்த நோய் வரும்பொழுது நமது ஊர் யாரைக் காக்க வேண்டும் என்று அறிந்தே அதனை எதிர்கொள்ளும்.