வினாவும் முறைமை: செய்நிரல் பயிலத் தொடங்குவோர்க்கு ஒரு பாடம்

கேள்வி என்னுஞ் சொல்லுக்குத் தமிழிலே இரு பொருள் உண்டு. செவியாற் கேட்டறியும் அறிவு ஒன்று, வினாவுதல் மற்றொன்று. திருவள்ளுவர் ‘கேள்வி’ அதிகாரத்திலே முன்னையதைப் போற்றினார். பின்னையதும் பயின்று பெறவேண்டிய திறனே என்பதை நாம் பலகாலும் மறந்துவிடுகின்றோம்.

இன்று உயர்தர வகுப்பிலே தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்கும் மாணவர் கணினிக்குச் செய்நிரல் எழுதப் பயில்கின்றனர். இடர்ப்பட்டவிடத்து, முன்பின் அறியாத வல்லுநர் ஒருவருக்கு எழுதிக் கேட்கும் நிலையும் அவர்க்கு நேர்கின்றது. மறுமொழி தருபவர் கூலி பெறுபவரல்லர். தம் ஓய்வுப் பொழுதையே ஈகின்றார். அத்தகையாரிடம் வினாவும் முறைமையை ஈண்டு ஆராய்வாம்.

பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டில் இயற்றிய நன்னூல், வினாவை அறுவகைப்படுத்தும். அவற்றுள் மூன்று எமக்கு இங்கே வேண்டுவன. பொருள் தெரியாமையாற் கேட்பது அறியா வினா. இதுவோ அதுவோ என மயங்கிக் கேட்பது ஐய வினா. “பாடம் படித்தாயோ?” எனத் தாய் கேட்பது வினாப்போல் தோன்றினும், “படி” என்னும் கட்டளையே, அஃது ஏவல் வினா. “என் செய்நிரல் இயங்கவில்லை, உதவுவீர்களா?” என்று மட்டும் எழுதுவோன், தான் அறியா வினா வினாவுவதாக எண்ணுகின்றான். பெறுபவர்க்கோ அது “நீரே செய்து தாரும்” என்னும் ஏவலாகவே படும்.

ஓர் உதாரணம் காண்போம். கைடோ வான் ரொசம் என்பார் 1991இல் வெளியிட்ட பைதன் மொழியிலே, இரு பாடப் புள்ளிகளைக் கூட்டும் செய்நிரலை ஒரு மாணவன் எழுதுகின்றான். 45, 32 எனத் தட்டச்சிடுகின்றான். 77 வரவேண்டிய இடத்தில் 4532 வருகின்றது. “பெருமதிப்புக்குரிய ஐயா, தொந்தரவுக்கு மன்னிக்கவும், கூட்டல் பிழைக்கின்றது” என்று மிகுந்த பணிவோடு எழுதுகின்றான். பணிவு நன்றே, ஆயின் அவர் பிழையைக் காண்பதற்கு அக்கடிதத்திலே யாதும் இல்லை.

பைதன் 3ஆம் பதிப்பு, தட்டச்சிட்டதை எண்ணாகக் கொள்ளாது எழுத்துத் தொடராகவே கொள்ளும். எழுத்துத் தொடர்களைக் கூட்டினால் அவை ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும். ‘இன்ட்’ என்னும் கட்டளையால் அவற்றை எண்ணாக மாற்றிய பின்னரே 77 பிறக்கும். 2ஆம் பதிப்பிலோ அதே செய்நிரல் 77 என்றே விடை தரும். 3ஆம் பதிப்பு 2008இல் வந்தது. 2ஆம் பதிப்புக்கான பராமரிப்பு 2020இல் நின்றது. ஆதலின், பதிப்பைக் கூறாது வினாவினால் அறிந்தவர் இருவர் இருவேறு விடை கூறுதலுங் கூடும்.

எனவே மாணவர் எழுதவேண்டுவன இவை: செய்ய விழைந்த காரியம், செய்நிரலின் வரிகள், இட்ட உள்ளீடு, எதிர்பார்த்த விடை, கிடைத்த விடை, மொழியின் பதிப்பு. பிழைச்செய்தி தோன்றின் அதனைச் சொல் மாறாது எழுதுக. நூறு வரிகளை அனுப்பாது, பிழை தோன்றும் சில வரிகளைப் பிரித்தெடுத்து அனுப்புக. பைதனிலே வரித் தொடக்கத்து இடைவெளியும் பொருள் தரும். அதனைச் சிதைத்து அனுப்புவது, புள்ளியிடாத பழைய ஏட்டைப் படிக்கக் கொடுப்பதை ஒக்கும். படிப்பவர் ஊகித்தே பொருள்கொள்ள நேரும்.

இவ்வாறு சுருக்கி எழுதும்போதே பல பிழைகள் தாமாக வெளிப்படும். அன்ட்ரூ ஹன்ட், டேவிட் தோமஸ் ஆகிய இருவரும் 1999இல் வெளியிட்ட நூலொன்றிலே, மேசைமேல் வைத்த இறப்பர் வாத்துக்குச் செய்நிரலை வரிவரியாக விளக்கும் வழக்கத்தைக் குறித்துள்ளனர். வாத்து விடை கூறாது. விளக்குபவரே விடையைக் காண்கின்றார். அங்ஙனம் காணாவிடினும், “எண்ணை எழுத்தாகக் கொள்கின்றதோ?” என்ற ஐயமாவது பிறக்கும். அறியா வினா ஐய வினாவாக உயர்ந்துவிட்டது. இந்த உழைப்பே உண்மையான பணிவு என்பது எமது துணிபு.

விடை கூறுவோர்க்கும் கடமை உண்டு. நன்னூலார் கூறும் எண்வகை விடைகளுள், வினாவுக்கு எதிர் வினாவுதலும் ஒன்று. “எந்தப் பதிப்பு?” என அவர் திருப்பிக் கேட்டால், மாணவன் அதனை அவமதிப்பாகக் கொள்ளற்க. “இதுதானும் தெரியாதா?” என்பதோ அவ்வெண்வகையுள் எதிலும் அடங்காது. ஒருமுறை நாணிய பிள்ளை மறுமுறை வினாவான் என்பது வகுப்பறையில் நாம் நாளும் காணும் உண்மை. அவன் பிழையோடு இருந்துவிடுவான். பின்பு அப்பாடத்தையே கைவிடுவான். ஒரு சுடுசொல்லால் நேரும் இழப்பு அத்துணைப் பெரிது.

விடை கிடைத்தபின் வாளாவிராது, எதனாற் பிழை நீங்கிற்று என்பதை எழுதி நன்றி கூறுக. ஆசிரியரிடம் கேட்டதனாற் காற்பங்கும், உடன்பயில்வாரோடு பழகுதலால் காற்பங்கும், பிறர்க்கு விரித்துரைத்தலால் எஞ்சிய அரைப்பங்கும் புலமை நிரம்பும் என நன்னூற் பாயிரம் கூறும். ஆகவே இன்று வினாவிப் பயன்பெற்ற மாணவன், நாளை தன்னிடம் வரும் தொடக்கநிலை மாணவனுக்குப் பொறுமையோடு விடை கூறுவானாக. அவனது கல்வியின் மற்றைப் பாதி அங்கேதான் இருக்கின்றது.