கார்புரேட்டரும் இஞ்சினின் தள்ளாட்டமும்

1948 முதல் 1971 வரை உற்பத்தியான மோரிஸ் மைனர் வண்டியில் அமைந்தது எஸ். யூ. கார்புரேட்டர். வண்டி நிற்கையில் இஞ்சின் தள்ளாடி அணையுமாயின், உடனே கார்புரேட்டரைத் திருகுதல் தகாது. முதலில் தீப்பொறி, வால்வு இடைவெளி, காற்றுக் கசிவு ஆகியவற்றைச் சோதிக்க. இவற்றில் பழுதிருப்பக் கலவையை மாற்றுதல், ஒரு குற்றத்தை மற்றொன்றால் மறைப்பதாகும்.

பின்னர், இஞ்சின் நன்கு சூடேறியதும், பிஸ்டனை ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் உயர்த்துக. அப்பொழுது உறிஞ்சும் விசை தளர்ந்து, கலவையிற் பெட்ரோல் குறையும். அதனால் வேகம் மிகுந்து நிலைக்குமாயின், முன்பு பெட்ரோல் அதிகம். இஞ்சின் அணையுமாயின் குறைவு. கணநேரம் சிறிது மிகுந்து மீளுமாயின் கலவை செம்மையுடைத்து.

ஜெட்டின் கீழுள்ள அறுகோண நட்டை மேலேற்றினால் பெட்ரோல் குறையும், கீழிறக்கினால் மிகும். ஒவ்வொரு முகமாகத் திருப்பி மீண்டும் சோதிக்க. வேகத் திருகாணியை இறுதியிலேயே தொடுக. காரணமறிந்து திருத்துவோனுக்கே இயந்திரம் பணியும்.