பிள்ளைக் காம்பராவில் யாருக்கு எந்தச் சாப்பாடு?

தோட்டப்புறங்களில் பிள்ளைக் காம்பரா என்பது புதிய விடயமன்று. தாய் கொழுந்து பறிக்க மலைக்குப் போனால் கைப்பிள்ளையை யார் பார்ப்பது என்ற கேள்வி தோட்டங்கள் தொடங்கிய நாள் முதலே இருந்து வருகிறது. இப்போது பல இடங்களில் இதனைச் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்கிறார்கள். சுவருக்கு வர்ணம் பூசப்பட்டிருக்கிறது, ஊஞ்சலும் விளையாட்டுச் சாமான்களும் வந்திருக்கின்றன. ஆயினும் லயத்து மக்களின் வாயில் பழைய பெயரே நிற்கிறது. நாமும் அப்படியே சொல்கிறோம்.

இந்தப் பாடத்தில் ஒரு விடயத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். அங்கே விடப்படும் பிள்ளைக்கு அதன் வயதுக்கும் உடம்புக்கும் வீட்டு வழக்கத்துக்கும் ஏற்ற உணவு கிடைக்கிறதா? நாம் போய்ப் பார்த்த பல இடங்களில் உணவு இல்லை என்று சொல்ல முடியாது. உணவு இருக்கிறது. ஆனால் ஒரே பானை, ஒரே அகப்பை, எல்லாருக்கும் ஒரே அளவு. ஏழு மாதப் பிள்ளைக்கும் நாலு வயதுப் பிள்ளைக்கும் அதே கஞ்சி. கோளாறு அங்கேதான் தொடங்குகிறது.

ஒரு தோட்டத்தில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறோம். ஒன்றே முக்கால் வயதுப் பெண்பிள்ளை. எட்டாம் மாதத்தில் முதன்முதலாகப் பால்மா கரைத்துக் கொடுத்தபோது உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்துவிட்டது. பால் கலந்த எதுவும் கொடுக்க வேண்டாம் என்று வைத்தியசாலையில் கிளினிக் கொப்பியில் எழுதிக் கொடுத்தார்கள். தாய் அதை ஆயாவிடம் சொல்லி வைத்தாள். ஆயாவும் பொறுப்பானவர். பல மாதங்கள் ஒரு நாளும் தவறவில்லை. ஒரு நாள் அவர் செத்த வீடொன்றுக்குப் போக வேண்டி வந்தது. பதிலுக்கு வேறொரு பெண் வந்தார். பத்து மணிக்கு எல்லாப் பிள்ளைகளுக்கும் ஊற்றிய பால் இவளுக்கும் ஊற்றப்பட்டது. கிளினிக் கொப்பி லயத்து வீட்டில் தகரப் பெட்டிக்குள் இருந்தது. அதில் எழுதியிருந்ததும் ஆங்கிலத்தில்.

சிறிது நேரத்துக்குள் பிள்ளை வாந்தி எடுத்தது. முகம் வீங்கியது. மூச்சு இழுத்தது. தோட்ட மருந்துச் சாலைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அங்கிருந்து தோட்ட லொறியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஊசி போட்டதும் பிள்ளை பிழைத்துக்கொண்டது. தாய்க்குச் செய்தி போனபோது அவள் மேல் மலையில் இருந்தாள்.

அந்தப் பால்மா எங்கிருந்து வந்தது என்று விசாரித்தோம். நத்தார்க் காலத்தில் எமது நிலையம் அன்பளிப்பாகக் கொடுத்த பொதிகளில் ஒன்று அது. கொடுத்தபோது எத்தனை பிள்ளைகள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டோம். பால் ஒத்துக்கொள்ளாத பிள்ளை யாரும் உண்டா என்று கேட்க எமக்குத் தோன்றவில்லை. யவீருவின் மகளை எழுப்பிய ஆண்டவர், அவளுக்குச் சாப்பிடக் கொடுக்கும்படி சொன்னதைப் பற்றி எத்தனையோ முறை பிரசங்கம் செய்திருக்கிறோம். எதைக் கொடுப்பது என்பதும் அந்தக் கட்டளைக்குள் அடங்கும் என்பதை அந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் யோசித்தோம்.

பால் ஒவ்வாமை என்பது பிள்ளையின் அடமும் அன்று, தாயின் செல்லமும் அன்று. பசுப்பாலில் உள்ள புரதத்தை உடம்பு எதிரியாக எடுத்துக்கொள்வதால் வருவது. ஒரு கரண்டி கூடப் போதும். "கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் பழகிவிடும்" என்று பெரியவர்கள் சொல்வதை நம்பி, வைத்தியரைக் கேளாமல் செய்து பார்ப்பது ஆபத்து. பாலைக் காய்ச்சுவதால் இந்தத் தன்மை போய்விடாது. பசுப்பாலுக்குப் பதிலாக ஆட்டுப்பால் கொடுக்கலாம் என்ற எண்ணமும் தவறு. பசுப்பால் ஒத்துக்கொள்ளாத பிள்ளைகளில் மிகப் பெரும்பாலானோருக்கு ஆட்டுப்பாலும் ஒத்துக்கொள்ளாது. பால் கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கும் இடங்களும் உண்டு. பிஸ்கற், பணிஸ், கேக் வகைகள் பலவற்றில் பால்மா சேர்க்கப்படுகிறது. சோளத்தையும் சோயாவையும் கொண்டு செய்யப்படும் திரிபோஷாவிலும் பால்மா உண்டு. நிறை குறைந்த பிள்ளைக்குத் திரிபோஷா மிக நல்ல உணவு. ஆனால் இந்தப் பிள்ளைக்கு அன்று. பொதியின் பின்புறத்துச் சிறிய எழுத்தை வாசிக்கக் கூடிய ஒருவர் எல்லாப் பிள்ளைக் காம்பராவிலும் இருக்க வேண்டும்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். சாப்பிட்ட உடனே முகம் வீங்கி, மூச்சுத் திணறினால் வீட்டில் இருக்கும் அலர்ஜிப் பாணியைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கக் கூடாது. தேவையானது தொடையில் போடும் அட்றினலின் ஊசி. பிள்ளையைப் படுக்க வைத்து, மூச்சு விடக் கஷ்டப்பட்டால் சாய்த்து உட்கார வைத்து, நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு உடனே போக வேண்டும்.

பால் நிறுத்தப்பட்ட பிள்ளைக்கு அந்த இடத்தை வெறுமையாக விடுவதும் பிழை. மற்றப் பிள்ளைகள் பால் குடிக்கும்போது இவளுக்குச் சும்மா சுடுதண்ணீர் கொடுத்த இடத்தையும் கண்டிருக்கிறோம். முட்டை, முள்ளோடு அரைத்த நெத்தலி, கீரை, பயறு, எள்ளு ஆகியவற்றை வைத்தியரையோ குடும்ப நல உத்தியோகத்தரையோ கேட்டு அந்த இடத்தில் கொடுக்கலாம். தாய்ப்பாலை நிறுத்தத் தேவையில்லை.

அந்தத் தாய் ஏன் பதில் ஆயாவிடம் சொல்லவில்லை என்று சிலர் கேட்டார்கள். கேட்டவர்கள் பெரட்டு நேரத்தில் பிள்ளைக் காம்பரா வாசலில் நின்று பார்த்ததில்லை. கையில் ஒரு பிள்ளை, முதுகில் கூடை, அடுத்த பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு. பிந்திப் போனால் அரைப்பேர் விழும். வாசலில் பிள்ளையைக் கொடுத்துவிட்டு ஓடுகிறவளுக்கு உள்ளே நிற்பது யார் என்று பார்க்கவும் நேரமில்லை. ஆயாவின் பக்கத்திலும் நியாயம் உண்டு. தனி ஆளாகச் சமைத்து, கழுவி, துணி மாற்றி, அழுகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறவர், ஒவ்வொரு பிள்ளையின் விபரத்தையும் தலைக்குள் வைத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். வாயால் சொன்ன சொல் ஒரு ஆளோடு வந்து அந்த ஆளோடு போய்விடுகிறது. அந்தத் தோட்டத்தில் நடந்தது இவ்வளவே.

இனி வயதைப் பற்றிப் பார்ப்போம். ஒவ்வாமை உள்ள பிள்ளை ஒன்றிரண்டுதான் இருக்கும். வயதுக்கு ஏற்ற உணவு கிடைக்காத பிள்ளைகளோ நிறைய. ஆறு மாதம் முடியும் வரை தாய்ப்பால் மட்டும். அதன் பின் உணவு, இரண்டு வயதுக்கு மேலும் தாய்ப்பால். இது எல்லாருக்கும் தெரிந்ததுதான். தெரியாதது அளவும் தடிப்பும். ஆறு மாதம் முடிந்த பிள்ளைக்கு இரண்டு மூன்று மேசைக்கரண்டியில் தொடங்கி, எட்டாம் மாதமளவில் 250 மில்லிலீற்றர் கோப்பையில் அரைவாசி வரை, நாளுக்கு இரண்டு மூன்று தடவை. ஒன்பது முதல் பதினொரு மாதம் வரை அரைக் கோப்பைப்படி மூன்று நாலு தடவை. ஒரு வயதுக்கு மேல் முக்கால் கோப்பை முதல் முழுக் கோப்பை வரை, இடையில் சிற்றுணவு. சின்ன வயிறு ஒரே தடவையில் நிறைய எடுக்காது. ஆகையால் மத்தியானம் ஒரு முறை வயிறு முட்டக் கொடுத்தால் போதும் என்ற கணக்குப் பிள்ளைக்குப் பொருந்தாது.

தண்ணீர்க் கஞ்சி வயிற்றை நிரப்பும், நிறையைக் கூட்டாது. கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் ஒழுகாமல் நிற்கும் உணவே பிள்ளைக்கு ஏற்ற தடிப்பு. சோற்றையும் பருப்பையும் கீரையையும் மசித்து ஒரு கரண்டி தேங்காய் எண்ணெயோ தடித்த தேங்காய்ப் பாலோ விட்டால் அதே அளவில் கூடிய சக்தி கிடைக்கும். முழுக் கச்சானையும் கடினமான டொபியையும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையின் கையில் கொடுக்கக் கூடாது. தொண்டையில் அடைத்துக்கொள்ளும். ஒரு வயது முடியுமுன் தேன் கூடாது.

தேயிலை மலையில் இருந்துகொண்டு தேநீரைக் குறை சொல்வது சங்கடந்தான். ஆனால் சொல்லாமல் விட முடியாது. ரொட்டியும் பிளேன்டியும் பெரியவருக்குக் காலைச் சாப்பாடாக இருக்கலாம். பிள்ளைக்கு ஊட்டும் ரொட்டியைத் தேநீரில் தோய்த்துக் கொடுப்பது பல பிள்ளைக் காம்பராக்களில் வழக்கம். பிள்ளையும் அழாமல் விழுங்கிவிடும். தேநீரில் உள்ள சாயப்பொருள் உணவிலுள்ள இரும்புச் சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள விடாது. வெளுத்துப்போய், எதிலும் விருப்பமின்றி மூலையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையை நாம் "சாதுவான பிள்ளை" என்று சொல்லிப் பாராட்டியிருக்கிறோம். இரத்தம் குறைந்த பிள்ளையும் சாதுவாகத்தான் இருக்கும்.

வீட்டு வழக்கமும் பார்க்கப்பட வேண்டும். வெள்ளிக்கிழமை மச்சம் சேராத குடும்பம் உண்டு, மாட்டிறைச்சி தொடாத குடும்பம் உண்டு, ஹலால் உணவு மட்டும் உண்ணும் குடும்பம் உண்டு. திருச்சபை நடத்தும் பாலர் பாடசாலைகளில் இதனை மறந்துவிடுகிறோம். பிள்ளைக்கு என்ன தெரியும் என்று நினைத்துக் கொடுத்தால், பிள்ளை மாலையில் வீட்டில் போய்ச் சொல்லும். அதன் பிறகு தாய் எம்மை நம்பிப் பிள்ளையை விடமாட்டாள்.

சம்பவம் நடந்த தோட்டத்தில் தாய்மார் கூடிப் பேசினார்கள். காசு செலவான காரியம் எதுவும் செய்யவில்லை. பழைய கலண்டர் ஒன்றின் பின்புறத்தில் ஒவ்வொரு பிள்ளையின் பெயர், பிறந்த மாதம், கொடுக்கக் கூடாதது, கட்டாயம் கொடுக்க வேண்டியது ஆகியவற்றைத் தமிழில் பெரிதாக எழுதி, அடுப்புக்கு நேரே சுவரில் தொங்கவிட்டார்கள். வாசிக்கத் தெரியாதவர் வந்தாலும் விளங்கட்டும் என்று அந்தப் பிள்ளையின் பெயருக்குப் பக்கத்தில் பால் கோப்பை படம் கீறி, குறுக்கே சிவப்புக் கோடு போட்டார்கள். அவளுடைய கோப்பையிலும் சிவப்பு நூல். பதில் ஆள் வரும் நாளில் தோட்டத்துச் சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர் அல்லது வேலைக்குப் போகாத ஒரு தாய் வந்து முதல் ஒரு மணி நேரம் கூட நிற்பது என்றும் தீர்மானித்தார்கள். மாதம் ஒரு முறை நிறை பார்க்கும் நாளில் அந்தக் கடதாசி திருத்தி எழுதப்படுகிறது. நாமும் எமது பங்குக்கு, பட்டியல் இல்லாமல் எந்தப் பொதியும் கொடுப்பதில்லை என்று முடிவு செய்தோம்.

தீராத ஒன்றும் இருக்கிறது. 1939ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம், பிற்காலத் திருத்தங்களோடு, ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பாலூட்டும் தாய்க்கு ஒன்பது மணி நேரத்துக்குள் இரண்டு இடைவேளை தருகிறது. பிள்ளைக் காம்பரா உள்ள இடத்தில் ஒவ்வொன்றும் அரை மணிக்குக் குறையக் கூடாது. ஆனால் மேல் மலையிலிருந்து இறங்கி ஏறவே அரை மணிக்கு மேல் செல்கிறது. அதனால் தாய்மார் போவதில்லை, பிள்ளைக்குப் போத்தல் வருகிறது. பாலூட்டும் தாய்மாருக்குக் கிட்டிய மலையில் வேலை கொடுக்கும்படி தோட்ட நிர்வாகத்திடம் கேட்டிருக்கிறார்கள். எழுதும்வரை பதில் வரவில்லை.

குழுவில் பேசுவதற்கு:

உங்கள் பிள்ளைக் காம்பராவில் அல்லது பாலர் பாடசாலையில் நாளை ஆயா வராவிட்டால், எந்தப் பிள்ளைக்கு எதைக் கொடுக்கக் கூடாது என்பதைப் புதிதாக வருகிறவர் எப்படி அறிந்துகொள்வார்? அடுத்த கூட்டத்துக்கு அங்கே பாவிக்கும் கோப்பையையும் அகப்பையையும் கொண்டுவந்து, அதில் எவ்வளவு பிடிக்கும் என்று அளந்து பாருங்கள். கிளினிக் கொப்பியில் எழுதியிருப்பதை வாசித்துத் தமிழில் சொல்லக்கூடியவர் உங்கள் லயத்தில் யார்? பாலூட்டும் தாய்மார் இன்று எந்த மலையில் நிற்கிறார்கள், அங்கிருந்து நடந்து வர எத்தனை நிமிடம்?